திருத்திய குறையைச் சொல்ல வேண்டுமா?

ஒரு பொருளை விற்பவர் அதிலுள்ள குறையை வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும். இதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. மத்ரஸாவில் ஓதும் சிறு பிள்ளையும் இதைச் சொல்லும். ஆனால் அந்தக் குறை திருத்தப்பட்டுவிட்டால்? உடைந்தது பொருந்தி, ஒழுகியது நின்று, பொருள் முன்போலவே வேலை செய்யும்போது, ஒரு காலத்தில் இது உடைந்திருந்தது என்று சொல்லத்தான் வேண்டுமா? இந்தக் கேள்வி எனக்குக் கிதாபிலிருந்து வரவில்லை. வாப்பாவின் போட்டை விற்கப்போன இடத்தில் வந்தது. அதில் நான் நடந்துகொண்ட விதம் பெருமைப்படத் தக்கதல்ல. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் ஒரு கிராமத்துப் பாடசாலையில் கணிதம் படிப்பிப்பவன். அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரியில் பயின்று வெளியேறியவன். என் வாப்பா மீனவர். அவருடைய மூன்றரைத் தொன் போட் வாழைச்சேனைத் துறைமுகத்தில் நின்றது. கரையோரத்து வாசகர்களுக்குத் தெரிந்த விஷயம்தான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்றரைத் தொன் போட் என்பது 1950களின் பிற்பகுதியில் நம் நாட்டில் அறிமுகமான, ஏறத்தாழ 28 அடி நீளமான கலம். சிறு வள்ளங்களின் வெளியிணைப்பு இயந்திரத்தைக் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மூன்றரைத் தொன் போட்டுக்கு உள்ளிணைப்பு டீசல் இயந்திரம். அது போட்டின் வயிற்றுக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கும். அதிலிருந்து புறப்படும் நீண்ட தண்டு பின்புறத்தால் வெளியே போய், தண்ணீருக்குள் இருக்கும் விசிறியைச் சுற்றும். எங்கள் இயந்திரம் கடல் நீரை உறிஞ்சித் தன் உடம்பைச் சுற்றி ஓடவிட்டு, சூட்டோடு வெளியே துப்பும். அந்த நீரோட்டம் நின்றால் சில நிமிடங்களில் இரும்பு கொதிக்கத் தொடங்கிவிடும்.

வாப்பா அந்தப் போட்டை 2006இல் வாங்கினார். 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமி, நாட்டின் மீன்பிடிக் கலங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கை அழித்தோ சேதப்படுத்தியோ விட்டுப் போயிருந்த காலம். விற்றவர் வாய் திறந்து முதலில் சொன்னதே, "இது சுனாமியில கடல் குடிச்ச இஞ்சின் காக்கா" என்பதுதான். பல நாள் சேற்றுக்குள் கிடந்ததையும், பிஸ்டன்கள் கறள் பிடித்து இறுகியதையும், பிறகு முற்றாகக் கழற்றிப் பூட்டியதையும் ஒளிக்காமல் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் வாப்பா வாங்குவதென்று தீர்மானித்தார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. வரும் வழியில் கேட்டேன். "கடல் குடிச்சதெண்டு தெரிஞ்சா, எங்க பாக்கோணும் எண்டு தெரியும் மகன்" என்றார்.

வாப்பாவுக்கு எழுதத் தெரியாது. ஒரு சீ.ஆர். கொப்பியை வாங்கிவந்து என்னிடம் தந்தார். ஒயில் மாற்றிய திகதி, புகையின் நிறம், எந்த நட்டு தளர்ந்தது, எந்த ரப்பர் கிழிந்தது எல்லாவற்றையும் அவர் சொல்ல நான் எழுதுவேன். பதினைந்து வருடங்கள் அப்படி எழுதினோம். 2021இல் வாப்பா மௌத்தானார். போட்டைத் தம்பி ஓட்டினான். கொப்பி என்னிடமே இருந்தது.

2022இன் கடைசியில் ஒரு நாள், கரையிலிருந்து பத்து மைலுக்கு அப்பால், நீர் உறிஞ்சும் வாயில் ஒரு பொலித்தீன் பை போய் அடைத்துக்கொண்டது. தம்பி கவனிக்கும்போது ஆவி பறந்துகொண்டிருந்தது. பதற்றத்தில் ஒரு வாளி கடல் நீரை அள்ளி இயந்திரத்தின்மேல் ஊற்றிவிட்டான். கொதிக்கும் மண்சட்டியில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் நடப்பதே நடந்தது. இன்னொரு போட் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது.

புதிய இயந்திரம் வாங்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், நடுப்பகுதியில் 360 ரூபாயைத் தொட்டிருந்தது. எனவே எங்கள் ஊர்ப் பாஸிடம் போனோம். எழுபது வயதைத் தாண்டியவர். மூன்று மரங்களை முக்காலியாக நட்டு, சங்கிலிக் கப்பி போட்டு இயந்திரத்தைத் தூக்கி வெளியே எடுத்தார். "வெண்கட்டி கொண்டு வாங்க மகன்" என்றார். பாடசாலை வெண்கட்டியை எடுக்க மனம் வரவில்லை. கடையில் ஒரு பெட்டி வாங்கினேன். அவ்வளவு நேர்மையானவனாக அன்று இருந்தேன்.

சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் பூசிச் சிறிது நேரம் ஊறவிட்டார். பிறகு நன்றாகத் துடைத்துவிட்டு, அதன்மேல் வெண்கட்டியைத் தேய்த்தார். வெடிப்புக்குள் புகுந்திருந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வெளியே வர, வெள்ளைப் பூச்சில் ஒரு கறுப்புக் கோடு தானாக எழுந்தது. நான்கு விரல் நீளம். சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் அறையின் வெளிச்சுவர் பிளந்திருந்தது.

ஒட்டினால் சரிதானே என்று கேட்டேன். வார்ப்பிரும்பு அப்படிப்பட்டதல்ல என்றார். ஓரிடத்தை மட்டும் சூடாக்கி ஒட்டினால், ஆறும்போது பக்கத்தில் புதிதாக வெடிக்கும். அதனால் தைப்பதுதான் வழி. வெடிப்பு மேலும் ஓடாமல் இருக்க இரண்டு முனைகளிலும் துளையிட்டார். பிறகு கோட்டின்மேல் ஒரு துளை. அதில் புரி வெட்டி, இரும்புத் திருகாணியை முறுக்கி, தலையை அறுத்துவிட்டார். அடுத்த துளை முதல் திருகாணியின் ஓரத்தையும் சேர்த்துக் கடித்துக்கொண்டு விழும். அதில் அடுத்த திருகாணி. இப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பதினொன்று. பாஸின் கண் மங்கிவிட்டதால் துளையிட்டது அவருடைய உதவியாளன். அவன் என்னிடம் படித்தவன். அவனைப் பற்றிப் பின்பு சொல்ல வேண்டியிருக்கிறது.

மற்ற வேலைகளும் நடந்தன. பிஸ்டன், ரிங், பெயாரிங், நொசில் எல்லாம் புதிதாக மாற்றப்பட்டன. ஒவ்வொரு ரிங்கையும் சிலிண்டருக்குள் தனியே வைத்து, அதன் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள வெளியை மெல்லிய தகடு நுழைத்து அளந்தார். சிலிண்டரின் விட்டம் 100 மில்லிமீற்றர் என்றால் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் வெளி இருக்க வேண்டுமாம். இல்லையென்றால் சூட்டில் விரியும் ரிங் சுவரை இறுக்கிப் பிடித்துவிடும். மூடிய பிறகு ஒருவரும் பார்க்கப்போவதில்லை. அவர் ஒவ்வொன்றாக அளந்தார்.

கடைசியாகத் தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்த்தார். ஒரு நாள் முழுவதும் ஒரு சொட்டுக் கசியவில்லை. "இந்தக் கோடு இனிப் பிளக்காது. ஆனா இரும்பு பழசு. சூடேறினா பக்கத்தால வெடிக்கலாம். ஒயிலைக் காலையில பாருங்க. பால் தேத்தண்ணி மாதிரி இருந்தாத் தண்ணி உள்ளயும் இறங்குதெண்டு அர்த்தம். யார் ஓட்டினாலும் இது தெரிஞ்சிருக்கோணும்" என்றார். அப்படியே கொப்பியில் எழுதினேன். அதுதான் அதன் கடைசிப் பக்கம்.

மூன்று மாதங்கள் ஒரு கோளாறும் இல்லாமல் ஓடியது. அப்போது தம்பிக்குக் கத்தாரில் வேலை சரிவந்தது. போட்டை விற்பதென்று முடிவாயிற்று. தம்பி இயந்திரம் முழுவதற்கும் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்தான். விற்கும்போது பெயின்ட் அடிப்பது வழமைதான். பதினொரு திருகாணிகளும் அதற்குள் மறைந்துவிட்டன.

வாங்க வந்தவர் பக்கத்துத் தமிழ்க் கிராமத்து மனிதர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "என்னென்ன வேலை செய்தீங்க மாஸ்டர்?" என்று கேட்டார். பிஸ்டன் புதிது, ரிங் புதிது, பெயாரிங் புதிது என்றேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. "மாஸ்டர் சொன்னாச் சரி" என்று பணத்தை எண்ணித் தந்தார். கொப்பி என் அலுமாரிக்குள் இருந்தது.

ஏன் சொல்லவில்லை? காரணங்கள் என்னிடம் நிறைய இருந்தன. முதலாவது, குறை திருத்தப்பட்டுவிட்டது. இல்லாத குறையை ஏன் சொல்ல வேண்டும்? இரண்டாவது, இது என் பணம் மட்டுமல்ல. வெடிப்புத் தெரிந்தால் எண்பதாயிரமாவது குறையும் என்று துறைமுகத்தில் சொன்னார்கள். கணித ஆசிரியனல்லவா, உடனே பங்கு பிரித்துப் பார்த்தேன். எட்டில் ஒன்றாக உம்மாவுக்குப் பத்தாயிரம் நட்டம். மிச்சம் எழுபதாயிரத்தில் ராத்தாவுக்குப் பதினாலாயிரம், எனக்கும் தம்பிக்கும் இருபத்தெட்டாயிரம் வீதம். என் நேர்மைக்கு உம்மாவும் ராத்தாவும் ஏன் விலை கொடுக்க வேண்டும்? மூன்றாவது காரணத்தைத் தம்பி சொன்னான்: "அவர் என்ன நம்மட ஆளா?" நான் அதை ஏற்கவில்லை. ஆனால் மறுத்து ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

இனி அந்த உதவியாளனைப் பற்றி. அவனுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பாடசாலையை விட்டபின் சில வருடங்கள் தூளுக்கு அடிமையாகிக் கிடந்தவன். பிறகு மீண்டுவிட்டான். மூன்று வருடங்களாகப் பாஸிடம் ஒழுங்காக வேலை பார்க்கிறான். போட் விற்று மூன்று வாரம் சென்றிருக்கும். வேறோர் ஊரிலிருந்து ஒருவர் என்னைத் தேடி வந்தார். தன் மகளுக்கு அவனைப் பேசுவதாகவும், படிப்பித்த சேர் என்ற முறையில் அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்றும் கேட்டார். இரண்டு நாள் தவணை கேட்டு அனுப்பிவிட்டு, அவனைக் கூப்பிட்டேன். "நான் சொல்றதை விட நீயே போய்ச் சொல்றது நல்லம். மறைச்சுக் கலியாணம் முடிக்காதே" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "சொல்றன் சேர். அந்த வெடிப்பை நீங்க போட் வாங்கின ஆளுக்குச் சொன்னீங்களா?" என்று கேட்டான்.

குத்திக் காட்டிக் கேட்கவில்லை. துளையிட்டவன் அவன், தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அன்றிரவு என் முதலாவது காரணத்தை எடுத்து வைத்து யோசித்தேன். குறை என்றால் என்ன? வணிகர் வழக்கில் எது விலையைக் குறைக்குமோ அது குறை என்று சட்ட நூலோர் சொல்வர். வெடிப்பைச் சொன்னால் எண்பதாயிரம் குறையும் என்று நான் பயந்தேன். அந்தப் பயமே அது குறை என்பதற்குச் சாட்சி. இல்லாத குறைக்கு நான் பங்கு பிரித்துக் கணக்குப் பார்த்திருக்க மாட்டேன்.

தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட சம்பவம் நமக்குத் தெரியும். மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்றவர். மழைக்கு அவர் பொறுப்பல்ல. ஈரமும் காலத்தில் காய்ந்துவிடக் கூடியதுதான். ஈரம் எப்படி வந்தது என்று அவரிடம் மேற்கொண்டு கேட்கப்படவில்லை. மக்கள் பார்க்கும்படி ஏன் அதை மேலே வைக்கவில்லை என்றே கேட்கப்பட்டது.

ஆனால் இங்கே இன்னொரு சிக்கல் எழுகிறது. அதே மார்க்கம்தான் மனிதரின் குறையை மறைக்கச் சொல்கிறது. சகோதரனின் குறையை மறைப்பவனின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்று படித்திருக்கிறோம். தான் செய்த பாவத்தைத் தானே பகிரங்கப்படுத்துவதும் கண்டிக்கப்பட்டிருக்கிறது. அப்படியென்றால் திருந்திய மனிதனின் குறையை மூட வேண்டும், திருத்திய பொருளின் குறையைத் திறக்க வேண்டும் என்பதா? மனிதனுக்கு ஒரு நீதி, இரும்புக்கு ஒரு நீதியா? அப்படியானால் அவனை நான் பெண் வீட்டாரிடம் அனுப்பியது பிழை. அது சரியென்றால் நான் மௌனமாக இருந்தது பிழை.

பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை இருவர் பெண் கேட்டபோது, அவர் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார். ஒருவரின் வறுமையையும் மற்றவரின் கடுமையையும் அவர்கள் வெளிப்படையாகவே எடுத்துச் சொன்னார்கள். மறைக்கச் சொன்ன அதே வாய்தான் சொன்னது. பிறரின் குறையைப் பேச அனுமதியுள்ள ஆறு சந்தர்ப்பங்களை இமாம் நவவி (ரஹ்) எண்ணும்போது இத்தகைய ஆலோசனையையும் சேர்க்கிறார்கள். ஆகவே மனிதன், பொருள் என்று நான் கீறிய கோடு பிழை. கோடு வேறோர் இடத்தால் ஓடுகிறது. அந்தக் குறையின்மேல் இன்னொருவர் தன் பாரத்தை வைக்கப் போகிறாரா என்பதே கேள்வி.

சந்தியில் நின்று கதைப்பவர்கள் அந்தப் பையனின் கடந்த காலத்தின்மேல் எதையும் வைக்கப்போவதில்லை. அவர்களிடம் சொல்வது புறம். அந்தப் பெண் தன் வாழ்க்கையை வைக்கப் போகிறாள். அவளுக்குச் சொல்லியே ஆக வேண்டும். இயந்திரத்துக்கும் அப்படியே. அதைப் பழைய இரும்புக்காரருக்கு நிறைக்கு விற்றிருந்தால் வெடிப்பைச் சொல்லத் தேவையில்லை. அவருக்கு வேண்டியது இரும்பின் நிறை. போட் வாங்கிய மனிதரோ தன் உயிரையும் மகனின் உயிரையும் அந்த நான்கு விரல் இரும்பின்மேல் வைத்துக் கடலுக்குப் போகிறார்.

ஒரு மறுப்பு எழலாம். இப்படி எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தால், திருந்தியவனுக்கு யார் பெண் கொடுப்பார், திருத்தியதை யார் வாங்குவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு என் வாப்பாவிடம் பதில் இருந்திருக்கிறது. சுனாமியில் கடல் குடித்த இயந்திரம் என்று கேட்டபின்தான் அவர் அதை வாங்கினார். உடைந்ததா என்று மட்டும் கேட்பதோடு அவர் நிற்கவில்லை. எப்படித் திருத்தப்பட்டது, இனி எங்கே பார்க்க வேண்டும் என்றும் கேட்டார். சொல்பவருக்கு ஒரு கடமை இருப்பதுபோல் கேட்பவருக்கும் ஒன்று இருக்கிறது. கேட்பவர்கள் தங்கள் கடமையைச் செய்யாத ஊரில் சொல்பவர்கள் பெயின்ட் அடிக்கத்தான் பழகுவார்கள். ஆனால் அதைச் சாட்டாக வைத்து நான் மௌனமாக இருந்திருக்கக் கூடாது.

அடுத்த நாள் கொப்பியையும், என் சேமிப்பிலிருந்து எண்பதாயிரம் ரூபாயையும் எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். அவர் போட்டில்தான் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். விரும்பினால் போட்டைத் திருப்பித் தரலாம், வைத்துக்கொள்வதென்றால் இந்தப் பணம் உங்களுடையது என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் கத்தியை எடுத்து, நான் காட்டிய இடத்தில் பெயின்டைச் சுரண்டினார். திருகாணிகளை விரலால் தடவி எண்ணினார். கொப்பியின் கடைசிப் பக்கத்தை இரண்டு முறை வாசித்தார். பணத்தையும் எண்ணி எடுத்துக்கொண்டார்.

பிறகு சொன்னார்: "போட்டை வச்சிருக்கிறன். காசு சரி. ஆனா மூண்டு கிழமை இதை நம்பி மகனையும் கூட்டிக்கொண்டு போய் வந்தன். அந்த மூண்டு கிழமையை என்னெண்டு திருப்பித் தருவீங்க மாஸ்டர்?"

அந்த மூன்று வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இயந்திரம் சூடேறவில்லை, கோடு கசியவில்லை, அவரும் மகனும் ஒவ்வொரு நாளும் மீனோடு திரும்பினார்கள். நட்டம் எதுவும் இல்லாத இடத்தில் குற்றம் எங்கே என்று ஒருவர் வாதிடலாம். நானும் வீடு திரும்பும் வழியில் வாதிட்டுப் பார்த்தேன். ஆனால் அவருக்கு உரிய ஒன்றை நான் எடுத்திருந்தேன். எதன்மேல் தன் மகனின் உயிரை வைக்கிறோம் என்று தெரிந்துகொண்டு தீர்மானிக்கும் உரிமை அவருடையது. மூன்று வாரமாக அவருக்காக நான் தீர்மானித்துக்கொண்டிருந்தேன், அவரிடம் கேளாமல். இயந்திரம் நன்றாக ஓடியது பாஸின் கைத்திறன். அதை என் கணக்கில் வரவு வைக்க முடியாது.

உம்மாவிடம் பின்பு சொன்னேன். தலையணைக்குக் கீழிருந்து பத்தாயிரம் ரூபாயை எடுத்து என் கையில் வைத்தார். ராத்தாவிடமும் தம்பியிடமும் நான் கேட்கவில்லை. அந்தப் பையன் பெண் வீட்டாருக்குத் தானே போய்ச் சொன்னான். அதன் பிறகு நடந்தது அவர்களுடைய விஷயம். இங்கே எழுத மாட்டேன்.

சில மாதங்களுக்குப் பிறகு துறைமுகப் பக்கம் போனபோது அந்தப் போட்டைக் கண்டேன். மனிதர் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். ஏறிப் பார்க்கலாம் என்று கையால் காட்டினார். இயந்திரம் சாம்பல் நிறத்தில்தான் இருந்தது. வெடிப்பு இருந்த இடத்தைச் சுற்றி மட்டும் ஒரு கை அகலத்துக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார். வெள்ளையில் கறள் நீர் ஒரு சொட்டுக் கசிந்தாலும் கண்ணில் படும். பக்கத்தில் ஒரு பொலித்தீன் பைக்குள் வாப்பாவின் சீ.ஆர். கொப்பி தொங்கியது. திறந்து பார்த்தேன். என் கையெழுத்து முடிந்த இடத்துக்குக் கீழே அவருடைய மகனின் கையெழுத்து தொடங்கியிருந்தது.

இறங்கும்போது மன்னிப்புக் கேட்டேன். அல்லாஹ்வுக்குரிய உரிமையில் செய்த தவறை அவனிடம் கேட்கலாம். மனிதனுக்குரிய உரிமையில் செய்ததை அந்த மனிதனிடமே கேட்க வேண்டும் என்றுதானே படித்திருக்கிறோம். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க மாஸ்டர்" என்றார். குடித்தேன். அது மன்னிப்பா, மரியாதையா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.